முகமூடிக்காரனின் சோற்றுக்கை

ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு ஒரு சூப்பர் ஹீரோவைத் திருத்தும் வேலை கிடைத்தது. அவன் பெயரைச் சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன் என்று மூன்று பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த கம்பெனி இன்று இல்லை. அது இருந்த மாடியில் இப்போது ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஆனாலும் அமெரிக்காக்காரன் ஞாபகம் வைத்திருப்பான் என்ற பயத்தில், அவனை முகமூடிக்காரன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் செகந்திராபாத் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வரைபடங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வரைபடத்திலும் வலது கீழ் மூலையில் மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். நடுக்கட்டம் நான். மேலே இருப்பவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், கீழே இருப்பவர் பயந்துகொண்டே வரைவார். நடுவில் இருப்பவனுக்குத்தான் தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது, விருப்பம் இல்லாமலே ஓய்வு பெற்றேன்.

வீட்டில் உட்கார்ந்து மனைவியின் மளிகைப் பட்டியலைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். சீரகம் இரண்டு இடத்தில் வந்திருப்பதைக் கண்டுபிடித்த அன்று அவள் சொன்னாள்: "எங்கயாவது வெளியில போய் ஊரார் தப்பைக் கண்டுபிடிங்க. என்கிட்ட இருந்த தப்பெல்லாம் தீர்ந்துபோச்சு."

ஊரே கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த காலம். அமீர்பேட்டையில் மின்கம்பம் தெரியாத அளவுக்குப் பயிற்சி வகுப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு தெலுங்குக்காரரின் தம்பி, உப்பலில் ஒரு பம்ப்செட் பட்டறைக்கு மேல்மாடியில் பதினொரு கம்ப்யூட்டரை வைத்து ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார். "எங்க அண்ணன் சொன்னார் சார், உங்க கண்ணுல மண்ணைத் தூவினா மண்ணுலயே தப்பு சொல்வீங்களாமே" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மறுநாளே போவன்பள்ளியிலிருந்து பஸ் ஏறினேன். காலை பஸ்ஸில் அங்கிருக்கும் மொத்த விற்பனை மார்க்கெட்டின் கொத்தமல்லிக் கட்டுகள் எனக்கு முன்பே சீட்டுப் பிடித்திருக்கும். ஆபீஸில் ஒரு மணிநேரம் வரைக்கும் என்மேல் ரசம் வாசனை அடிக்கும்.

வேலை இதுதான். ஜப்பான்காரர்கள் படக்கதையை வலமிருந்து இடமாக வாசிப்பவர்கள். அமெரிக்க வாசகருக்கு அது ஒத்துவராது என்று, அந்தக் காலத்தில் பக்கத்தையே கண்ணாடியில் காட்டியதுபோலத் திருப்பிப்போட்டு விற்பார்கள். திருப்பினால் கதை நேராகிவிடும், மற்றதெல்லாம் கோணலாகும். கடிகார முள் பின்பக்கம் நகரும். வண்டிகள் சாலையில் எதிர்ப்பக்கம் ஓடும். முகமூடிக்காரனின் மார்பில் இருக்கும் எழுத்து புரண்டு படுக்கும். நேராக இருக்க வேண்டியவற்றைப் பொறுக்கியெடுத்து மறுபடி நேராக்குவது உப்பலின் பொறுப்பு. மாங்கா என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை வைத்துச் செய்யக்கூடிய நகைச்சுவையை என் மனைவி முதல் நாளே செய்து முடித்துவிட்டதால் வாசகருக்கு அந்தத் தொல்லை இல்லை.

முகமூடிக்காரன் பிறப்பால் அமெரிக்கன். தாடையைச் செங்கல் அறுக்கும் அச்சில் வார்த்திருப்பார்கள். பாலத்தைத் தோளில் தாங்குவான், ரயிலை நிறுத்துவான், அடுத்த ஊருக்குப் பறப்பான். அவன் சாப்பிட்டோ உட்கார்ந்தோ யாரும் பார்த்ததில்லை. இவனை ஜப்பானில் ஒரு ஓவியர் உரிமை வாங்கித் தம் வழிக்கு மாற்றி வரைந்திருந்தார். ஜப்பான் முகமூடிக்காரன் ஒல்லி. இடித்த சுவரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்பான். எரிகிற வீட்டுக்குள் குழந்தையைத் தூக்கப் போகும்போதுகூட பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். இது அச்சுப் பிழையா என்று அமெரிக்காவிலிருந்து மெயில் வந்தது. எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. "வீட்டுக்குள்ள போறான்ல சார், பின்ன எப்படிப் போவான்?" என்று கேட்டார் முதலாளி.

எல்லாவற்றுக்கும் மேலாக அவனுக்குப் பசித்தது. சண்டை முடிந்ததும் நேரே ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு, முகமூடியோடு, போய் உட்காருவான். கடை நடத்துகிற அம்மாள் கேள்வி கேட்காமல் ஒரு கிண்ணம் வைப்பாள். அவள் அவனைப் பெற்ற தாய். மகன்தான் என்று அவளுக்குத் தெரியாது என்பது அவன் நினைப்பு.

இந்தச் சாப்பாட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்தைத் திருப்பினால் கையும் மாறும் இல்லையா? கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் இடது கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வக்கீல், போலீஸ்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, ஒருவர் பாக்கியில்லை. கடிகாரம் பின்னால் ஓடியதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஒரு பந்தி முழுக்க நொட்டாங்கையால் சாப்பிடுவதைப் பொறுக்க முடியவில்லை. திருத்த வேண்டியவை என்று அமெரிக்கா தந்த பட்டியலில் எழுத்து, எண், கடிகாரம் மட்டும்தான் இருந்தன. கீழே நானாக ஒன்றைச் சேர்த்தேன்: சாப்பிடும் கை.

திருத்தி வரைகிறவள் ஒரு பெண். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் வந்து ஊன்றிய தமிழ்க் குடும்பம். அவள் தமிழில் முதல் சொல் தமிழாக இருக்கும், கடைசிச் சொல்லுக்கு உத்தரவாதம் கிடையாது. ஆறு மாதத் தற்காலிக வேலையில் இருந்தாள். ஆறாவது மாதம் நிரந்தரம் ஆகாவிட்டால், போவன்பள்ளியில் அவள் மாமாவின் வெங்காய மண்டியில் போய் பில் எழுத வேண்டும் என்பது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒப்பந்தம். "மண்டின்னா என்னன்னு தெரியுமா அங்கிள்? காலைல ஆறு மணிக்கே கண்ணு எரியும். அங்க அழுதாக்கூட யாருக்கும் தெரியாது" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். என்மேல் அடித்த கொத்தமல்லி வாசனையை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

கை விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"எல்லாத்தையும் மாத்தணுமா? நூறு கட்டத்துக்கு மேல வரும் அங்கிள். நக்கோ. அப்படியே விட்டுடலாம்."

வேண்டாம் என்பதற்கு அவர்கள் வீட்டில் நக்கோ.

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் நொட்டாங்கைல சாப்பிடுவானாம்மா?"

"அமெரிக்காக்காரனுக்கு அதெல்லாம் தெரியாது."

"தெரியலைன்னா தப்பு சரியாயிடுமா?"

"குச்சிதானே அங்கிள். சோத்தைத் தொடவே இல்லையே."

"குச்சியைத் தொட்டுக்கிட்டிருக்கறது எது? கைதானே?"

"ஹவ், சரி" என்று போய்விட்டாள். ஆமாம் என்பதற்கு ஹவ். ஒரு மணிநேரத்தில் இரண்டு தாள்களோடு திரும்பி வந்தாள்.

"இதைப் பாருங்க. எல்லாரும் லெஃப்ட். மாஸ்க் போட்டவன் மட்டும் ரைட்ல சாப்பிடறான். எல்லா சீன்லயும்."

"அப்போ ஒருத்தனாவது ஒழுங்கா சாப்பிடறான். அவனை விட்டுடு, வேலை மிச்சம்."

"அது இல்ல அங்கிள். அப்படின்னா ஒரிஜினல்ல அவன் மட்டும் லெஃப்ட்னு அர்த்தம். சும்மா வராது இது. வரைஞ்சவரு வேணும்னே வரைஞ்சிருக்காரு. ஒரு மெயில் போட்டுக் கேக்கலாமா?"

"சோத்துக்கை எதுன்னு கேட்டு அமெரிக்காவுக்கு மெயில் போடவா? ஆபீஸ் மானம் போயிடும். எல்லாரையும் வலது கைக்கு மாத்து."

அவள் மாற்றினாள். கட்டம் கட்டமாக, விரல் விரலாக. அவளே திருத்தப் பதிவேட்டில் 'செய்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் போட்டேன். அந்தப் பதிவேடு என் கைங்கரியம். பழைய தொழிற்சாலையிலிருந்து மாதிரியை மனப்பாடமாகக் கொண்டுவந்து போட்டது. செய்யச் சொன்னவர் யார் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. எங்கள் தொழிற்சாலையில் அதை எப்போதும் வாயால்தான் சொல்வோம்.

முதல் இரண்டு புத்தகங்கள் அப்படியே குறுந்தகட்டில் ஏறி கூரியரில் போயின. மூன்றாவது புத்தகம் அவளுடைய ஆறாவது மாதத்தில் வந்து சேர்ந்தது. இங்கிலீஷ் வசனம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாகத்தான் வரும் என்பதால் அடுத்து என்ன கதை என்பது எங்களுக்கும் தெரியாது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் என் மேஜைமேல் ஒரு பக்கத்தை வைத்தாள்.

கடையில் ஆளில்லை. முகமூடிக்காரன் அடிபட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். அம்மாள் கிண்ணத்தை வைக்கிறாள். இன்று முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாப்பிடு என்கிறாள். அவன் திடுக்கிடுகிறான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கிறான். முதல் நாளிலிருந்தே, என்கிறாள். நொட்டாங்கைக்காரனாகப் பிறந்த உன்னை அடித்து அடித்து வீட்டில் வலது கையில் சாப்பிடப் பழக்கினேன். முகமூடி போட்டதும் அந்தக் கை தானாக மாறிவிட்டது. முகத்தை மறைத்தாய், கையை மறந்தாய். நான் அடித்ததெல்லாம் வீட்டோடு நின்றுபோயிற்று என்று தெரிந்து சந்தோஷமாக இருந்தது.

கதையே இந்தக் கையில்தான் நின்றது. நாங்கள் அனுப்பிய இரண்டு புத்தகங்களிலோ ஊரில் எல்லாரும் ஒரே கையில் சாப்பிடுகிறார்கள். அவனும் அதே கையில் சாப்பிடுகிறான். அந்தத் தாய்க்குக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லாமல் செய்திருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் திரும்பித் தன் இடத்துக்குப் போய் பேனாவை எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கையில். ஐந்து மாதமாக அவள் இடது கையால் வரைவதைப் பார்த்திருக்கிறேன். அதே ஐந்து மாதமாக மத்தியானம் வலது கையால் சாப்பிடுவதையும் பார்த்திருக்கிறேன். ரசம் சாதம் முழங்கைவரை வழியும், இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சாப்பிடக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். மண்ணில் தப்பு கண்டுபிடிக்கிற கண் இது.

வெள்ளிக்கிழமை அமெரிக்காவிலிருந்து மெயில் வந்தது. சொல்லாத இடத்தில் கைகளை மாற்றியது யார், ஏன், எங்கெங்கே, என்று மூன்று கேள்வி. முதலாளி பதிவேட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்து. அவளைக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கிலிருந்து தக்கனி உருதுக்கு மாறுவார், அன்று மாறினார். இந்தக் கான்ட்ராக்ட் போனால் பதினொரு கம்ப்யூட்டரையும் கீழே பம்ப்செட்காரனுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார். நிரந்தரக் கடிதம் பற்றி அடுத்த வாரம் யோசிக்கலாம் என்றார். நான் நாலடி தள்ளி, என் மேஜையில், ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே எழுந்திருப்பேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அந்தப் பென்சில் ரொம்பக் கூராகத்தான் ஆயிற்று.

இது எனக்கு முதல் தடவை இல்லை. பழைய தொழிற்சாலையில் ஜோடியாக வரும் தாங்கிகளுக்கு ஒன்றைத்தான் வரைவோம். கீழே ஒரு குறிப்பு எழுதுவோம்: ஒன்று காட்டியபடி, ஒன்று எதிர்க்கை. அதாவது இன்னொன்று கண்ணாடியில் தெரிவதுபோல. ஒருமுறை ஒரு வரைவாளர் அந்தக் குறிப்பை விட்டுவிட்டார். நானும் கவனிக்காமல் நடுக்கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அத்தனை தாங்கியும் ஒரே கையாக வார்த்து வந்தன. விசாரணையில், சரிபார்ப்பது என்றால் இருப்பதைச் சரிபார்ப்பது, இல்லாததை எப்படிச் சரிபார்ப்பது என்று வாதாடினேன். நல்ல வாதம். மெமோ அந்த வரைவாளருக்குப் போயிற்று. அவர் என்னோடு சண்டை போடவில்லை. அதுவரை என் மேஜையில் டிபன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து ஜன்னலோரம் போய்ச் சாப்பிட்டார். அவ்வளவுதான். ஏழு வருடம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். நடந்ததை அப்படியே சொல்லாமல், ஆபீஸில் ஒரு குழப்பம் என்று ஆரம்பித்தேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லுச்சா?"

"சொல்லிச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாத்தச் சொன்னேன்."

"அப்புறம் இதுல குழப்பம் எங்க இருக்கு?"

இருபத்திரண்டு வருடம் சரிபார்த்த எனக்கு, குழப்பத்தை அந்த அவரைக்காய்க்குள் எங்கேயும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். பதிவேட்டை எடுத்து, குறிப்பு எழுதும் இடத்தில் எழுதினேன்: சரிபார்த்தவரின் வாய்மொழி உத்தரவின்படி, வரைந்தவர் இருமுறை ஆட்சேபித்த பின்பும் மாற்றப்பட்டது. கீழே கையெழுத்து. அன்றைய தேதி. முன்தேதி போட்டுத் தப்பிக்கிற வித்தையும் எனக்குத் தெரியும். கை கொஞ்சம் தயங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாளி படித்தார். மறுபடி படித்தார். "ஏன் சார் இப்படி ஒரு வேலை செஞ்சீங்க?" என்றார்.

"நொட்டாங்கையால சாப்பிட்டாங்க. பாக்கச் சகிக்கலை."

"அவங்க காகிதத்துல வரைஞ்ச ஆளுங்க சார்."

"தெரியும்."

அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்கலாம். நியாயமும் அதுதான். அதற்குள் அந்தப் பெண் ஒரு பட்டியலோடு வந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து தயார் செய்திருக்கிறாள்.

"சார், எல்லாரையும் பழையபடி மாத்த வேண்டாம். அது நூத்துக்கு மேல. மாஸ்க் போட்டவனை மட்டும் லெஃப்ட்டுக்கு மாத்தினா போதும். ரெண்டு புக்குலயும் சேத்து பதினாலு கட்டம். அப்போ எல்லாரும் ரைட், இவன் மட்டும் லெஃப்ட். ஜப்பான்ல அந்த ஓவியர் வரைஞ்சது அப்படித்தானே? இப்ப நாமதான் ஒரிஜினலுக்குக் கிட்ட இருக்கோம்னு மெயில்ல சொல்லிடலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இது யாரு சொல்லி எழுதினது? சாரா?"

"இல்ல சார்" என்றேன் அவளுக்கு முன்பே. "நான் சொன்னதையெல்லாம் பதிவேட்டுல எழுதிட்டேன். இது அவங்களுது."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வந்தோம். அவள் பதினாலு கைகளை வரைந்தாள். நான் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தேன், என் தகுதிக்கு ஏற்ற வேலை. வேலையின் நடுவே தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அங்கிள், உங்க வீட்ல நொட்டாங்கைக்காரங்க யாரும் இல்லையா?"

"இல்லம்மா."

"இருந்திருப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." பேனாவை நகர்த்திக்கொண்டே சொன்னாள். "எங்கம்மாவுக்குக் கரண்டிதான். இந்தக் கை தட்டுக்குப் போனா மணிக்கட்டுல ஒண்ணு வெப்பாங்க. இந்தக் கதையை அவங்களுக்குச் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம், அந்த ஜப்பான்காரி கடையில என்ன போடுவா, சாதமா நூடுல்ஸான்னு கேட்டாங்க."

பத்து நாளில் அமெரிக்கா சரி என்றது. திருத்தப் பட்டியலில் நான் சேர்த்த வரியை முதலாளி சிவப்பு மையால் அடித்தார். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டார், 'சொன்னவர்' என்று. எனக்கு மேலும் இரண்டு வருடம் அங்கே வேலை இருந்தது. பிறகு அமெரிக்க வாசகர்களே, திருப்பாமல் கொடுங்கள், நாங்களே வலமிருந்து வாசித்துக்கொள்கிறோம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் டீக்கடையில் உருது பேப்பரை வலமிருந்தே படிக்கிறவர்கள் இதற்காக எந்தக் கான்ட்ராக்டும் விட்டதில்லை. கம்பெனி மூடியது. அதற்குள் அவள் மாதாபூரில் வேறு பெரிய இடத்துக்குப் போய்விட்டாள். வெங்காய மண்டியில் வேறு யாரோ பில் எழுதுகிறார்கள்.

நிரந்தரக் கடிதம் வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாளி கடிதத்தை உறையில் போட்டு, "பெரியவங்க கையால கொடுங்க சார்" என்று என்னிடம் தந்தார். அவள் எழுந்து வந்தாள். வலது கையில் டீ கிளாஸ் இருந்தது. இடது கையை நீட்டினாள்.

என் கை பின்னால் போனது. வேண்டுமென்று இல்லை. அரை அங்குலம்தான் இருக்கும். இத்தனை பட்ட பிறகும், அந்தக் கையைப் பற்றியே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகும், உறை என் கையோடு அரை அங்குலம் பின்வாங்கியது.

அவள் பார்த்துவிட்டாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

"ரைட்ல வாங்கணுமா அங்கிள்?"

"நக்கோ" என்றேன், அவளுடைய சொல்லை முதல் தடவையாக வாயில் போட்டு. உறையை அந்தக் கையில் வைத்தேன்.

"உங்க தொழிற்சாலைல அரை இன்ச் தப்பு வந்தா விட்டுடுவாங்களா?" என்றாள்.

"விட மாட்டாங்க. திருப்பி அனுப்பிடுவாங்க."

"நான் விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, உறையை இடது கையாலேயே பிரிக்க ஆரம்பித்தாள்.